எட்டு ஆம்புக்குள் ஒரு விமானம்

என் விமானத்தின் புதிய பேனல் (விமானியின் முன்னால் இருக்கும் கருவிப் பலகை) படத்தைப் பார்க்கிற எல்லாரும் அந்தப் பத்து அங்குலத் திரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன கம்பெனி, வெயிலில் தெரியுமா, என்ன விலை. கேட்பதில் தப்பில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் திரையை வாங்கிப் பொருத்துவது சின்னப் பங்கு. அதற்குப் பின்னால் ஓடும் மின்சாரத்தைப் புதிதாக யோசித்து அமைப்பதுதான் முழு வேலையும். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

விமானம் ஆர்.வி.-6. ரிச்சர்ட் வேன்குருன்ஸ்வன் 1973-இல் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் வடிவமைப்பு. நிறுவனம் இருப்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அரோரா என்ற சிற்றூரில். அலுமினியத் தகடுகளும் வரைபடங்களும் அடங்கிய கிட்டை அவர்கள் விற்பார்கள். வாங்கியவர் தன் வீட்டுக் கராஜில் ஆயிரக்கணக்கில் ரிவெட் அடித்து விமானமாக்குவார். பாதிக்கு மேல் வேலையை, கற்றுக்கொள்வதற்காகவும் பொழுதுபோக்குக்காகவும் சொந்தக் கையால் செய்திருந்தால், 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில் சான்றிதழ் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, 160 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், வால் சக்கரம். என்னுடையதைத் தொண்ணூறுகளில் ஒருவர் கட்டினார். இரண்டு கை மாறி என்னிடம் வந்தது.

இந்த வகை விமானத்தில் எனக்குப் பிடித்ததே அது தரும் உரிமைதான். தொழிற்சாலையில் செய்து சான்று பெற்ற ஒரு செஸ்னாவில், அதற்கென அங்கீகாரம் பெற்ற கருவியைத்தான் மாட்டலாம். உரிமம் உள்ளவர்தான் கையெழுத்துப் போடலாம். எக்ஸ்பெரிமென்டலில் சொந்தக்காரர் தானே ஸ்பானர் எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் தகுதிச் சோதனையை மட்டும் உரிமம் பெற்ற மெக்கானிக்கோ, ரிப்பேர்மேன் சான்றிதழ் வைத்திருக்கும் கட்டியவரோ செய்து கையெழுத்திட வேண்டும். அதாவது ஒரு வயரை எங்கே எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல மேலே யாரும் இல்லை. அந்தப் பொறுப்பை நான் மிகவும் கனமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மாற்ற வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் வேக்யூம் பம்ப். பழைய பேனலில், விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கைத் தொடுவானமும் திசை காட்டும் கைரோவும் காற்றால் ஓடுபவை. எஞ்சினின் பின்பக்கத்துப் பம்ப் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் கருவிக்குள் இருக்கும் சக்கரம் சுழலும். பம்புக்குள் கார்பன் தகடுகள் எண்ணெய் இல்லாமல் உரசியபடியே ஓடுகின்றன. தேய்மானம் வெளியே தெரியாது. ஒரு நாள் தகடு நொறுங்கும், பம்ப் நிற்கும். கைரோ மட்டும் உடனே நின்றுவிடாது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சக்கரம் பல நிமிடங்களுக்குச் சுழன்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் இழக்கும். தொடுவானம் மெல்லச் சாயும். மேகத்துக்குள் இருக்கும் விமானி அந்தச் சாய்வை உண்மை என்று நம்பி, நேராகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தைத் தன் கையாலேயே சாய்த்துவிடுவார். இப்படி உயிர் போன விபத்துகள் நடந்திருக்கின்றன.

என் பம்ப் போனது நல்ல வெயில் நேரத்தில், கொலம்பியா ஆற்றின் மேல். வெளியே மலைகள் நேராக நிற்கின்றன, கருவி மட்டும் இடப்பக்கம் சரிந்துகொண்டே போகிறது. புதுப் பம்ப் மாட்டினால் அன்றே தீர்ந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

புதிய திரை டைனான் நிறுவனத்தின் ஸ்கைவியூ எச்.டி.எக்ஸ். அதில் சுழலும் சக்கரம் எதுவும் கிடையாது. சிலிக்கனில் செதுக்கிய நுண்ணுணரிகள் விமானத்தின் அசைவை அளக்கின்றன; எதிர்க்காற்றை வாங்கி வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயின் காற்றழுத்தமும் காந்த உணரியும் அதோடு சேர்கின்றன. தேய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பழைய பேனலில் மின்சாரம் அடியோடு போனால் ரேடியோவும் விளக்கும் போகும். தொடுவானம் இருக்கும், வேகமானி இருக்கும், உயரமானி இருக்கும். எஞ்சினும் ஓடும், ஏனென்றால் அதன் இரண்டு மேக்னெட்டோக்களும் தங்களுக்கு வேண்டிய பொறியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும். புதிய பேனலில் மின்சாரம் போனால் எஞ்சின் ஓடும், பேனல் இருட்டாகிவிடும். வசதிக்கு இருந்த மின்சாரம் உயிர்நாடியாகிவிடுகிறது. திரையை மட்டும் மாற்றிவிட்டுப் எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் பழைய ஒற்றை ஆல்டர்னேட்டரையும், பேட்டரியை மொத்தமாக இணைக்கும் ஒற்றை மாஸ்டர் ரிலேயையும் அப்படியே விட்டுவைத்தால், ஒரு பலவீனத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டியதாகத்தான் ஆகும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. பம்பைக் கழற்றியதும் எஞ்சினின் பின்னால் அது உட்கார்ந்திருந்த இடம் காலி. அந்தப் பல்லச்சு எஞ்சினைவிட 1.3 மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கே சின்ன ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டலாம். கான்சாஸ் மாநிலத்து நியூட்டனில் இருக்கும் பி அண்ட் சி நிறுவனம் இதற்கென்றே ஒன்று செய்கிறது: நிரந்தரக் காந்தம், தூரிகை கிடையாது, 8 ஆம்ப் தரும். முன்பக்கத்து 60 ஆம்ப் ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் ஓடுகிறது. பெல்ட் அறுந்தாலும், அதன் ரெகுலேட்டர் போனாலும், பின்னால் இருப்பது தனியாக ஓடும். கைரோவைக் கவிழ்த்த அதே இடத்திலிருந்து இப்போது உபரி மின்சாரம்.

ஆனால் 8 ஆம்ப் என்பது கொஞ்சம்தான். ஆகவே கேள்வி தலைகீழாக மாறியது. எது எதை மாட்டலாம் என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, எட்டு ஆம்புக்குள் எந்தெந்தக் கருவி இருந்தால் நான் நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டேன். திரை சுமார் 3 முதல் 4 ஆம்ப். ரேடியோ கேட்கும்போது அரை ஆம்ப்தான். பட்டனை அழுத்திப் பேசும்போது ஐந்து, ஆறு என்று ஏறும், ஆனால் பேசுவது சில விநாடிகள். ரேடாருக்கு என் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து ஒரு ஆம்ப் அளவு. உபரித் தொடுவானமாக ஒரு சின்ன கார்மின் ஜி5, அதற்குத் தனியாக உள்பேட்டரியே உண்டு. கூட்டினால் ஆறு ஆம்ப் பக்கம். பிட்டோ குழாயின் சூடாக்கி தனியாக எட்டு முதல் பத்து ஆம்ப் குடிக்கும். அதற்கு அவசர காலத்தில் இடமில்லை. தரையிறங்கும் விளக்கு கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போதும், பேட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும்.

உபரித் தொடுவானத்தை வேறு கம்பெனியிலிருந்து எடுத்தது யோசித்துச் செய்தது. ஒரே கம்பெனியின் இரண்டு திரை வைத்தால் ஒரே மென்பொருளின் ஒரே கோளாறு இரண்டையும் ஒன்றாக வீழ்த்தலாம். வேறு வேறு ஆட்கள் எழுதியது ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தவறுவது அரிது.

கணக்கு முடிந்ததும் வரைபடம். பல கருவிகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டைதான் பஸ் பார். பெரிய பஸ் பார் ஒன்று, அவசர பஸ் பார் ஒன்று. சாதாரண நாளில் பெரியதிலிருந்து ஒரு டையோடு வழியாக அவசர பஸ்ஸுக்கு மின்சாரம் போகும். டையோடு இருப்பதால் திரும்பி வராது. கோளாறு என்றால் மாஸ்டரை அணைத்துவிட்டு இன்னொரு சுவிட்ச்சைப் போட வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக வேறு பாதையில் அவசர பஸ் உயிர் பெறும். மாஸ்டரை அணைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: அந்த ரிலேயின் சுருளே ஒரு ஆம்ப் அளவு தின்றுகொண்டிருக்கும். புகை வாடை வந்தாலும் இதே இரண்டு அசைவுதான். யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகப் போக வேண்டும். அதனால் அந்த இரண்டு சுவிட்ச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

'ஏவியானிக்ஸ் மாஸ்டர்' என்று எல்லா மின்னணுக் கருவிகளையும் ஒரே சுவிட்ச்சில் கட்டும் வழக்கம் பல விமானங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. இவ்வளவு பாடுபட்டு இரண்டு பாதை அமைத்த பிறகு, அவற்றையெல்லாம் ஒரே ஒரு சுவிட்ச்சின் தொண்டைக்குள் ஏன் செலுத்த வேண்டும்? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் பத்துக்குக் கீழே விழுந்து திரை அணைந்து எழும் என்பார்கள். ஸ்கைவியூவுக்கென்று ஒரு மணி நேரம் தாங்கும் தனி பேட்டரி இருக்கிறது, அதை மாட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை.

கோவையில் பேனல் போர்டு தொழில் செய்யும் என் மச்சானுக்கு வரைபடத்தை அனுப்பினேன். விமானம் பற்றி அவருக்குத் தெரியாது, மின்சாரம் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் அவர் முதலில் கேட்டது: "மாப்ள, ஃப்யூஸ் எல்லாம் எதுக்குத் தக்கன போட்டிருக்கீங்க, மெஷினுக்கா வயருக்கா?" வயருக்குத்தான் என்றேன். "அப்பச் சரி. ஃப்யூஸ் காப்பாத்துறது வயரைத்தான்." இதை இங்கே பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரேடியோவுக்குள் இருக்கும் சில்லைக் காப்பாற்றும் அளவுக்கு எந்த ஃப்யூஸும் வேகமானது அல்ல. எங்கோ வயர் உரசி உடற்பகுதியைத் தொட்டால், அது பழுத்துச் சிவந்து தீப்பிடிக்கும் முன் அறுத்துவிடுவதுதான் ஃப்யூஸின் வேலை. 22 கேஜ் வயருக்கு 5 ஆம்ப், 20 கேஜுக்கு 7, 18 கேஜுக்கு 10 (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) என்பது இங்கே எல்லாரும் பின்பற்றும் கணக்கு.

பழைய வயரிங்கைப் பிரித்தபோது எல்லாம் வெள்ளை வயர், ஒன்றிலும் பெயர் இல்லை. கட்டியவரின் மனதில் அந்த வரைபடம் தெளிவாக இருந்திருக்கும். அது அவரோடு போய்விட்டது. இரண்டு ஆர்.வி.-6 விமானங்களின் வயரிங் ஒன்றுபோல இருக்காது. ஆகவே ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பித்தான் தேட வேண்டியிருந்தது. கால்களை இருக்கை முதுகின் மேல் போட்டு, தலையைப் பெடல்களுக்குப் பக்கத்தில் வைத்து மல்லாந்து படுத்தால்தான் பேனலின் பின்பக்கம் தெரியும். மனைவி வெளியே நின்று மறுமுனையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். இடையில் யாரோ பின்னாளில் கார் வயர் சேர்த்திருந்தது தெரிந்தது. பி.வி.சி. மேலுறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அந்தக் குட்டி அறைக்குள் அது கண்ணையும் மூச்சையும் சேர்த்து அடைத்துவிடும். அந்தத் துண்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் மேலுறை போட்ட விமான வயர் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் எண் அச்சிட்ட சுருங்கு குழாய் இருக்கிறது.

கிரிம்ப், அதாவது வயர் முனையை உலோகப் பின்னுக்குள் வைத்து நசுக்கி இணைப்பது, பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமானத்தில் மின்கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் பிறக்கிறது. அதிர்வு ஓயாத இடத்தில், சால்டர் வைத்த வயரில் ஈயம் எதுவரை ஊறியிருக்கிறதோ அந்த எல்லையில் வயர் விறைத்து, அங்கேயே ஒடியும். கிரிம்ப் நன்றாக அமைந்தால் செம்பும் பின்னும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுகிவிடும், காற்று உள்ளே போகாது, துருப்பிடிக்காது. கருவிகளின் பின்னால் சொருகும் பல பின் கொண்ட டி-சப் கனெக்டரில் ஒரு பின் நெல்மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மேலுறையைச் சீவும்போது ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. பின்னின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. வயரை நுழைத்ததும் அதில் செம்பு தெரிய வேண்டும். பிறகு நான்கு பக்கத்திலிருந்தும் பல் அமுக்கும் கருவியால் ஒரே அழுத்து. இழுத்துப் பார்த்து, கனெக்டருக்குள் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். அந்த 'டிக்' விரலில் உணரப்படாவிட்டால் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பக்கத்து உணரிகளில், வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் வயர் தனி ரகம். புகைபோக்கியின் வெப்பத்தை அளப்பது கே வகை, சிலிண்டர் தலைக்குப் பெரும்பாலும் ஜே வகை. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் முனையில் பிறக்கும் மில்லிவோல்ட்தான் அளவு. ஆகவே வயர் நீளம் போதவில்லை என்று நடுவில் சாதா செம்பு வயரை ஒட்டினால் அளவு மாறிப்போகும். அதே உலோக ஜோடியில்தான் நீட்ட வேண்டும். இன்னொரு விஷயம்: அமெரிக்க வண்ண முறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு மைனஸ். விமானத்தின் மற்ற எல்லா இடத்திலும் சிவப்பைப் பிளஸ் என்று பழகிய கை, இங்கே நின்று யோசிக்க வேண்டும். கேயில் மஞ்சள் பிளஸ், ஜேயில் வெள்ளை பிளஸ்.

எர்த் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அலுமினிய உடம்பே எர்த்தாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் ரிவெட்டில் கட்டிவிடலாம் என்று தோன்றும். இரண்டு கருவி வேறு வேறு இடத்தில் எர்த் எடுத்தால், நடுவில் உள்ள தகட்டில் ஓடும் மின்சாரம் ஹெட்செட்டில் சத்தமாக வந்து உட்காரும். எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்ருதியும் ஏறும் ஒரு கீச்சொலி. பேனலில் உள்ள எல்லாவற்றையும் ஃபயர்வாலில் (எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தகட்டுச் சுவர்) ஒரே பித்தளைக் கட்டைக்குக் கொண்டுவந்தேன். ஹெட்செட் சொருகும் ஜாக்குகளை உடம்பில் படாமல் பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் பிரித்தேன். இப்போது காதில் கேட்பது எஞ்சினும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் மட்டும்தான். ஆண்டெனாவுக்குப் போகும் பழைய ஆர்.ஜி.-58 கேபிளையும் இரட்டை வலைக் கவசம் உள்ள ஆர்.ஜி.-400 ஆக மாற்றிவிட்டேன்.

காந்த உணரி அடங்கிய பெட்டியை வால் பக்கம், சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இரும்பு ஸ்குரூ ஒன்று பக்கத்தில் இருந்தாலும் திசை பிசகும், ஆகவே பித்தளை.

பேட்டரியில் மட்டும் பழையதையே வைத்துக்கொண்டேன். ஒடிசி பிசி680, சுமார் 7 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் போட்டால் இரண்டு கிலோவுக்கும் கீழே போகலாம், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் விமானத்தில் முன்னால் இருப்பது இலேசான மர இறக்கை ப்ரொப்பெல்லர். மூக்கு ஏற்கெனவே எடை குறைவு. முன்பக்கத்துப் பாரத்தை இன்னும் குறைத்தால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். அப்புறம் சாமான் ஏற்றுவதில் கை வைக்க வேண்டியிருக்கும். வேக்யூம் பம்ப், கைரோக்கள், குழாய்கள் எல்லாம் போனதிலேயே சில கிலோ குறைந்திருந்தது. மூன்று சக்கரத்தின் கீழும் தராசு வைத்து மறுபடி எடை போட்டு, புதிய கணக்கை விமானத்தின் ஆவணத்தில் சேர்த்தேன். கனமான பேட்டரி எனக்கு இங்கே நன்மை செய்கிறது.

டிரான்ஸ்பாண்டர் விஷயத்தில் எக்ஸ்பெரிமென்டல் என்ற சலுகை செல்லாது. 2020 ஜனவரியிலிருந்து பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள வான்வெளியிலும் பத்தாயிரம் அடிக்கு மேலேயும் ஏ.டி.எஸ்.-பி ஒலிபரப்பு, அதாவது விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் தானே ஓயாமல் அறிவிப்பது, கட்டாயம். கருவி விதிக்கப்பட்ட துல்லியத்தோடு இருந்தாக வேண்டும், 24 மாதத்துக்கு ஒரு முறை உரிய பட்டறையில் சோதிக்க வேண்டும். நியாயமான விதி. என் உயரம் தவறாகப் போனால் பாதிக்கப்படுவது இன்னொருவர்.

மின்சாரம் கொடுத்தது ஒவ்வொரு ஃப்யூஸாக. முதலில் எல்லா ஃப்யூஸையும் உருவிவிட்டு, பேட்டரிக்குப் பதில் ஆம்ப் வரம்பு வைக்கக்கூடிய மேசை மின்சப்ளைப் பெட்டியை இணைத்து, ஒன்றைச் சொருகு, ஓட்டத்தைப் பார், வரைபடத்தில் டிக் போடு, அடுத்தது. பெட்ரோல் அளவுகோலைத் திருத்துவது இன்னொரு பொறுமை வேலை. தொட்டி ஒவ்வொன்றும் 19 கேலன். காலியாக்கி, இரண்டிரண்டு கேலனாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் திரைக்குச் சொல்ல வேண்டும். வால் சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும், பெட்ரோலும் தொட்டியின் பின்பக்கம் சாயும். ஆகவே வாலைக் கட்டையில் ஏற்றிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்துதான் அளந்தேன்.

கடைசிச் சோதனை வானத்தில், நல்ல வெளிச்சத்தில், ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டு. பெரிய ஆல்டர்னேட்டரை அணைத்தேன். வோல்டேஜ் 14-லிருந்து பன்னிரண்டரைக்கு இறங்கியது, சிவப்பு எச்சரிக்கை எரிந்தது. மாஸ்டரை அணைத்து அவசர சுவிட்ச்சைப் போட்டேன், திரை அசையவில்லை. சின்ன ஆல்டர்னேட்டரைப் போட்டதும் வோல்டேஜ் ஏறத் தொடங்கி 13.8-இல் நின்றது. சுமை ஆறு ஆம்ப் சொச்சம், காகிதத்தில் போட்ட கணக்குக்கு மிக அருகில். தொட்டியில் பெட்ரோல் இருக்கும் வரை பேனலில் வெளிச்சம் இருக்கும்.

இரண்டு ஆல்டர்னேட்டரும் போனால் என்ன ஆகும் என்பதைத் தரையிலேயே பார்த்துக்கொண்டேன். எஞ்சின் நின்ற நிலையில், பேட்டரியில் மட்டும் அவசர பஸ்ஸை ஓடவிட்டு, வோல்டேஜ் 11-ஐத் தொடும்வரை நேரம் குறித்தேன். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேலே ஓடியது. ஆண்டுச் சோதனையின்போது இதையும் சேர்த்துச் செய்யப் போகிறேன். ஒரு மணி நேரத்துக்குக் கீழே போகிற அன்று பேட்டரி மாறும். வரைபடத்தின் ஒரு பிரதி விமானத்தின் ஆவணப் பையிலேயே இருக்கிறது, ஃப்யூஸ் எண்ணும் வயர் எண்ணும் சேர்த்து. அடுத்த குளிர்காலத்தில் ஆட்டோபைலட்டின் இரண்டு சர்வோக்கள் (விமானத்தைத் திருப்பும் பாகங்களை அசைக்கும் மோட்டார்கள்) வரும். அவற்றுக்கான வயர்களை இறக்கை வேரிலும் வால் பக்கத்திலும் இப்போதே இழுத்து, முனையை மூடிக் கட்டி வைத்திருக்கிறேன். அவை சேர்வது பெரிய பஸ்ஸில்தான், எட்டு ஆம்புக்குள் அவற்றுக்கு இடமில்லை.